மங்க்கின் ஆறு ஆண்டுகள்: ஜாஸ் கலைஞர்கள் ஏன் நடுவழியில் காணாமற்போகிறார்கள்?

இரவுவானொலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த சில மாதங்களாக எனக்குப் பிடித்த ஜாஸ் கலைஞர்களின் இசைத்தட்டுகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்திக் கேட்டுவருகிறேன். அப்படிக் கேட்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப உறுத்துகிறது. பெரும்பாலானோரின் வாழ்க்கையில் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. 1947 இலேயே புளூ நோட் நிறுவனத்துக்காகத் தன் சொந்தப் படைப்புகளைப் பதிவு செய்துவிட்ட பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், 1951 முதல் 1957 வரை தான் வளர்ந்த நியூயார்க் நகரத்தின் இரவு விடுதிகளில் ஏறக்குறைய வாசிக்கவே இல்லை என்று படிக்கிறேன். சாக்சபோன் கலைஞர் சானி ரோலின்ஸ், புகழின் உச்சியில் இருந்த 1959 இல் மேடையை விட்டு இறங்கி இரண்டு ஆண்டுகள் ஒதுங்கிவிடுகிறார். டெக்ஸ்டர் கார்டன் 1962 இல் ஐரோப்பாவுக்குப் போனவர், கோபன்ஹேகனிலேயே தங்கிவிட்டு, 1976 இல்தான் வெற்றிகரமாக ஊர் திரும்புகிறார்.

தமிழில் இவர்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் இதற்கெல்லாம் ஒரே விடையைத்தான் வைத்திருக்கின்றன: போதை, அதோடு மேதைகளுக்கே உரிய கிறுக்குத்தனம். எனக்கு அந்த விடையில் நிறைவில்லை. ஒருவர் இருவர் என்றால் குணக்கோளாறு என்று விட்டுவிடலாம். ஒரு தலைமுறையே இப்படி நடுவில் மறைந்து மறைந்து வெளிப்பட்டிருக்கிறது என்றால் அதற்கு வெளியே ஏதேனும் காரணம் இருக்க வேண்டுமல்லவா? அந்த ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்தார்கள், எதைக் கொண்டு குடும்பம் நடத்தினார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

பழையதட்டு எழுதியது:

உங்கள் ஐயம் நியாயமானது. மங்க்கின் ஆறு ஆண்டுகளுக்குக் காரணம் அவருடைய மனநிலை அன்று, ஓர் அட்டை.

நியூயார்க்கில் 1940 முதல் ஒரு நடைமுறை இருந்தது. மது பரிமாறும் எந்த விடுதியிலும் வேலை செய்ய வேண்டுமானால், பரிமாறுபவரானாலும் பாடகரானாலும் பியானோ வாசிப்பவரானாலும், காவல்துறையிடம் கைரேகை பதித்து 'கேபரே அட்டை' என்ற அடையாள அட்டையைப் பெற்றாக வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். அட்டையைத் தருவதும் மறுப்பதும் பறிப்பதும் காவல்துறையின் கையில் இருந்தன. ஒருமுறை போதைப்பொருள் வழக்கில் பெயர் அடிபட்டுவிட்டால் போதும், தண்டனையை அனுபவித்து முடித்த பிறகும் அட்டை திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீதிமன்றம் கொடுத்த தண்டனை இரண்டு மாதம் என்றால், அதன் பின்னால் அட்டை கொடுத்த தண்டனை பல ஆண்டுகள் நீண்டது.

மங்க்குக்கு நடந்தது சரியாக இதுதான். 1951 ஆகஸ்டில் அவரும் பியானோ கலைஞர் பட் பவலும் ஒரு காரில் அமர்ந்திருந்தபோது போதைத் தடுப்புக் காவலர்கள் வந்து சோதனையிட்டு ஹெராயின் பொட்டலம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அது தன்னுடையதன்று என்று சொல்லிப் பவலைக் கைகாட்டியிருந்தால் மங்க் தப்பித்திருக்கலாம் என்பதே அவரை அறிந்தவர்கள் அனைவரும் சொல்வது. அவர் வாய் திறக்கவில்லை. அறுபது நாள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது அட்டை போயிருந்தது. ஜாஸ் உலகத்தின் தலைநகரில், தன் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலேயே இருந்த விடுதிகளில், 33 வயதில் அவருக்கு வேலை இல்லாமற்போனது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தடை, மது விற்கும் இடங்களுக்கு மட்டுமே. இசைத்தட்டுப் பதிவுக்கூடத்துக்கோ பெரிய கச்சேரி அரங்குக்கோ அட்டை தேவையில்லை. அதனால்தான் 1947 இல் சிறைக்குப் போன பாடகி பில்லி ஹாலிடேயால், வெளியே வந்த சில நாள்களிலேயே, 1948 மார்ச் 27 அன்று, அரங்கு நிறைந்த கார்னகி ஹாலில் பாட முடிந்தது. ஆனால் ஐம்பது பேர் உட்காரும் மதுவிடுதியில் அவரால் பாட முடியவில்லை. எட்ட இருந்து பார்ப்பவருக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது. கார்னகி ஹாலில் ஆண்டுக்கு எத்தனை முறை பாட முடியும் என்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு இரவு, மாதக்கணக்கில் ஒரே விடுதியில் வாசிப்பதுதான் அன்றைய ஜாஸ் கலைஞரின் அன்றாடச் சோறு. அவருடைய பயிற்சிக்கூடமும் அதுதான். குழு ஒன்று சேர்ந்து ஒத்திசைந்து பழகுவது அங்கேதான் நடந்தது.

சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் 1950 களின் தொடக்கத்தில் அட்டையை இழந்து, ஊர் ஊராக அலைந்து, கிடைத்த உள்ளூர்க் குழுக்களோடு வாசித்தார். டிரம்போன் கலைஞர் ஜே. ஜே. ஜான்சன் போன்ற சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். ஃபிராங்க் சினாட்ரா, கைரேகை கொடுத்துத்தான் பாட வேண்டுமென்றால் அந்த விடுதிகளே எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கினார். அப்படி ஒதுங்க அவருக்கு வசதி இருந்தது. அட்டை முறையை நகர நிர்வாகம் 1967 இல்தான் ஒழித்தது. அதற்குள் பார்க்கரும் பில்லி ஹாலிடேயும் பட் பவலும் இறந்திருந்தார்கள்.

---

கறுப்புவெள்ளைக்கட்டை எழுதியது:

பழையதட்டு அவர்கள் எழுதியதில் எனக்குத் தகவல் அளவில் மறுப்பு இல்லை. ஆனால் எல்லா மௌனத்தையும் காவல்துறையின் கணக்கில் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்டவர் மங்க்கையும் ரோலின்ஸையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். இரண்டும் வேறு வேறு கதைகள்.

ரோலின்ஸை யாரும் தடுக்கவில்லை. 1959 இல் அவருக்கு 28, 29 வயது. பத்திரிகைகள் கொண்டாடின, விடுதிகள் அழைத்தன. தன் வாசிப்பு தன் பெயருக்கு ஈடாக இல்லை என்று அவருக்கே பட்டதால் நிறுத்தினார். மன்ஹாட்டனின் கிராண்ட் தெருவில் அவர் குடியிருந்த அடுக்ககத்தில் பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்ததால், அங்கே நாளெல்லாம் சாக்சபோன் ஊத மனம் ஒப்பாமல், அருகிலிருந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். கீழே படகுகள், பக்கத்தில் ரயில், சுற்றிலும் கார்கள். எவ்வளவு உரக்க ஊதினாலும் கேட்க ஆளில்லை. மழையிலும் பனியிலும், சில நாள்களில் பதினைந்து மணி நேரம்கூட, அங்கே பயிற்சி செய்தார். அந்தக் காலத்தில், பின்னாளில் அவர் மனைவியான லூசில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்து வீட்டை நடத்தினார். 1961 இறுதியில் மேடைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டுக்குப் 'பாலம்' என்ற பொருளிலேயே பெயர் வைத்தார். 1969 இல் மறுபடியும் நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் பம்பாய்க்கு அருகே பவாயில் உள்ள ஓர் ஆசிரமத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் பயின்றார். இதை நம்மவர்கள் பெருமையாகக் குறிப்பிடுவதுண்டு. எனக்கென்னவோ அந்தப் பாலம்தான் அவருடைய உண்மையான ஆசிரமம் என்று தோன்றுகிறது.

மேரி லூ வில்லியம்ஸ் இன்னொரு வகை. 1930 களில் ஆண்டி கிர்க்கின் குழுவுக்குப் பியானோ வாசித்ததோடு அந்தக் குழுவின் பெரும்பாலான இசைக்கோவைகளை எழுதியவர் அவர். ஹார்லெமில் இருந்த அவர் வீட்டில்தான் மங்க், பவல், டிரம்பெட் கலைஞர் கில்லெஸ்பி போன்றோர் விடியும்வரை கூடிப் பேசி வாசித்தார்கள். 1954 இல் பாரிஸில் ஒரு நிகழ்ச்சியின் நடுவே எழுந்து போனவர், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மேடையேறவில்லை. கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். போதையில் சிக்கிய இசைக்கலைஞர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்; அந்தச் செலவுக்காகப் பழைய துணிமணிகளை விற்கும் கடை நடத்தினார். 1957 இல் நியூபோர்ட் விழாவில் கில்லெஸ்பியின் குழுவோடு மீண்டும் வாசித்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில், 1977 முதல் 1981 இல் இறக்கும்வரை, டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவர் வாசிக்காத ஆண்டுகளைப் பள்ளம் என்று எப்படிச் சொல்வது?

போதையையும் அடியோடு துடைத்துவிட வேண்டாம். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் அமெரிக்க அரசு நடத்திய போதை மீட்பு மருத்துவமனைக்கு எத்தனை ஜாஸ் கலைஞர்கள் போய்வந்தார்கள் என்றால், அங்கேயே முழு இசைக்குழு ஒன்று அமையும் அளவுக்கு. ரோலின்ஸும் 1955 இல் அங்கே போய் மீண்டவர்தான். மீண்ட பிறகு உடனே விடுதிகளுக்குத் திரும்பினால் பழைய நண்பர்கள் சூழ்ந்துகொள்வார்கள் என்று அஞ்சி, சிக்காகோவில் துப்புரவு வேலை போன்ற கூலி வேலைகளைச் செய்தார். அட்டை முறை கொடுமையானது, ஹெராயினும் கொடுமையானது. முன்னது பின்னதை ஒழித்ததாகவும் தெரியவில்லை.

---

இரவுவானொலி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மங்க்கையும் ரோலின்ஸையும் ஒன்றாகக் கட்டியது என் பிழைதான்.

ஆனால் எனக்குள் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. விடுதிகளில் வாசிக்க முடியாவிட்டாலும் இசைத்தட்டுகள் வெளிவந்துகொண்டுதானே இருந்தன? மங்க் எழுதிய 'ரவுண்ட் மிட்நைட்' என்ற படைப்பைப் பதிவு செய்யாத ஜாஸ் கலைஞரே இல்லை எனலாம். அந்த வருமானம் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லையா?

---

தாழ்சுருதி எழுதியது:

போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, பணம் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

பதிவுக்கூடத்தில் வாசித்தவருக்குத் தொழிற்சங்கம் நிர்ணயித்த கூலி, ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று, ஒரே முறை கிடைக்கும். குழுத்தலைவருக்கு மற்றவர்களைவிட இரு மடங்கு. தலைவருக்கு விற்பனையில் பங்கு உண்டு என்று ஒப்பந்தம் சொல்லும். ஆனால் பதிவுச் செலவு, முன்பணம் எல்லாவற்றையும் அந்தப் பங்கிலிருந்து கழித்த பிறகு பெரும்பாலும் கலைஞர்தான் நிறுவனத்துக்குக் கடன்பட்டிருப்பார். மங்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 இல் அவரைப் பிரெஸ்டீஜ் நிறுவனத்திடமிருந்து ரிவர்சைட் நிறுவனம் விடுவித்துக்கொண்டபோது, அவர் பெயரில் நின்ற முன்பணக் கடனாகக் கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 108 டாலர். அந்த நூற்றெட்டு டாலரைக் கட்டிவிட்டு மங்க்கை அழைத்துப் போனார்கள்! அடுத்த ஆண்டே அவர் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' பதிவு செய்தார். அதன் தலைப்புப் படைப்பு வாசிப்பவர்களை எவ்வளவு திணறடித்தது என்றால், இருபதுக்கும் மேற்பட்ட முறை முயன்றும் ஒருமுறைகூட முழுதாக அமையாமல், துண்டுகளை வெட்டி ஒட்டித்தான் வெளியிட்டார்கள்.

வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் அமெரிக்காவில் அதை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம். வாசித்தவருக்கு ஒரு காசும் இல்லை. ஆகவே எழுதியவராக இருப்பது முக்கியம். பழைய மேடைப் பாடல்களின் சுரக்கட்டுகளை (மெட்டுக்கு அடியில் அடுத்தடுத்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசை) அப்படியே வைத்துக்கொண்டு மேலே புதிய மெட்டைப் போடும் பழக்கம், 1940 களில் எழுந்த புதுவகை ஜாஸான பீபாப் காலத்தில் அவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். சுரக்கட்டுக்கு உரிமைச் சட்டம் இல்லை, மெட்டுக்கு உண்டு. இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ஒரே பாட்டின் மேல் எத்தனை நூறு மெட்டுகள் எழுந்தன என்று எண்ணி மாளாது.

ஆனால் எழுதினாலும் முழுப்பங்கு கைக்கு வராது. நீங்கள் குறிப்பிட்ட 'ரவுண்ட் மிட்நைட்' மங்க்கின் பெயரில் மட்டும் இல்லை. 1944 இல் அதை முதலில் பதிவு செய்த குழுத்தலைவர் கூட்டி வில்லியம்ஸின் பெயரும், பாடல் வரிகள் எழுதிய பெர்னி ஹானிகனின் பெயரும் அதில் சேர்ந்துவிட்டன. பாடல் வரியே இல்லாமல் வாசிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த வரிகளை எழுதியவருக்கும் பங்கு போகிறது.

இந்தக் கணக்கைச் சரிசெய்ய முயன்றவர்களும் உண்டு. சாக்சபோன் கலைஞர் ஜிஜி கிரைஸ் 1950 களின் நடுவில் சொந்தமாக ஒரு பதிப்பு நிறுவனம் தொடங்கி, சக கலைஞர்களையும் தங்கள் படைப்புகளின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ளுமாறு தூண்டினார். 1960 களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. கிரைஸும் ஜாஸ் உலகத்திலிருந்து மறைந்தார். பிறகு பஷீர் குசிம் என்ற பெயரில் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்தார். அவர் இறந்த பின் அந்தத் தொடக்கப் பள்ளிக்கே அவர் பெயரை, அதாவது ஆசிரியரின் பெயரை, வைத்தார்கள்.

நான் பாஸ் (ஆளுயரத் தாழ்சுருதித் தந்தி வாத்தியம்) வாசிப்பவன் என்பதால் என் மனத்தை விட்டு அகலாத ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹென்றி கிரைம்ஸ். 1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும் ரோலின்ஸ், மங்க், ஆல்பர்ட் அய்லர் என்று எவரெவரோடோ டபுள் பாஸ் வாசித்தவர். 1960 களின் இறுதியில் மேற்குக் கரைக்குக் காரில் போகும்போது, கூரைமேல் கட்டியிருந்த பாஸ் பாலைவன வெயிலில் வெடித்துவிட்டது. பழுது பார்க்கப் பணமில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் அதை விற்றுவிட்டார். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டட வேலை, துப்புரவு வேலை, ஒற்றை அறை, நோட்டுப் புத்தகங்களில் கவிதை. ஜாஸ் உலகம் அவர் இறந்துவிட்டதாகவே நினைத்திருந்தது. 2002 இல் ஜாஸ் ஆர்வலரான ஒரு சமூகப் பணியாளர் தேடிக் கண்டுபிடித்தபோது, அவரிடம் வாத்தியம் இல்லை. 1970 இலேயே அய்லர் இறந்துவிட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நியூயார்க்கின் பாஸ் கலைஞர் வில்லியம் பார்க்கர் தன்னிடமிருந்த பச்சை நிறப் பாஸ் ஒன்றை அனுப்பிவைத்தார். மறு ஆண்டே கிரைம்ஸ் நியூயார்க்கில் மேடையேறினார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாசித்துவிட்டு 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தார். இங்கே காவல்துறையும் இல்லை, அட்டையும் இல்லை. ஒரு மரப்பெட்டியை ஒட்டவைக்கக் கையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

---

கறுப்புவெள்ளைக்கட்டை எழுதியது:

தாழ்சுருதி அவர்களுக்கு ஒரு சிறிய இணைப்பு. நிலையான சம்பளத்தைத் தேடிப் போனவர்களையும் நாம் 'காணாமற்போனவர்கள்' பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். பியானோ கலைஞர் ஹாங்க் ஜோன்ஸ் 1959 முதல் 1970 களின் நடுப்பகுதி வரை சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் சம்பளக் கலைஞராக இருந்தார்; 1962 இல் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்றோ பாடிய வாழ்த்துக்குப் பியானோ வாசித்தவர் அவர்தான். ஜே. ஜே. ஜான்சன் 1952 முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை செய்தார். அடுத்த தலைமுறைக்குப் பல்கலைக்கழகம் அந்த இடத்தைப் பிடித்தது. சாக்சபோன் கலைஞர் ஜாக்கி மெக்லீன் ஹார்ட்ஃபர்டில் ஜாஸ் துறையையே உருவாக்கினார். இன்று, தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். மங்க்கின் காலத்தில் அப்படி ஒரு நாற்காலி எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

---

பழையதட்டு எழுதியது:

குடும்பம் எப்படி நடந்தது என்று முதலில் கேட்டிருந்தீர்கள். அதற்கு யாரும் நேராக விடை சொல்லவில்லை. மங்க் வீட்டில் அடுப்பு எரிந்தது மனைவி நெல்லியின் உழைப்பால். இரண்டு சிறு குழந்தைகளையும் உடல்நலக் குறைவையும் வைத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். மங்க் வீட்டில் பியானோ முன் அமர்ந்து எழுதினார். 1954 இல் பாரிஸில், மேரி லூ வில்லியம்ஸ் அறிமுகம் செய்துவைத்த பன்னோனிகா, ராத்ஸ்சைல்டு செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னர் மங்க்குக்குப் பெருந்துணையானார். 1958 இல் டெலவேர் மாநிலத்தில் காவலர்கள் அவர்களுடைய காரை மறித்துக் கஞ்சாவைக் கண்டெடுத்தபோது, அது தன்னுடையது என்று பன்னோனிகா பழியை ஏற்றுக்கொண்டார். மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் விடுபட்டார். அப்படியிருந்தும் மங்க்கின் அட்டை இரண்டாம் முறையாகப் பறிபோயிற்று. 1960 இல்தான் திரும்பக் கிடைத்தது. 1970 களின் நடுவில் மங்க் வாசிப்பதை அடியோடு நிறுத்தி, நியூஜெர்சியில் பன்னோனிகாவின் வீட்டில் ஏறக்குறையப் பேச்சின்றி வாழ்ந்து, 1982 இல் இறந்தார். அந்தக் கடைசி மௌனத்துக்குக் காரணம் நோய்தான்; அதை முதல் மௌனத்தோடு சேர்த்துப் பேசுவதிலிருந்துதான் 'கிறுக்கு மேதை' கதை பிறக்கிறது.

1957 கோடையில் அட்டை கிடைத்தவுடன் மங்க் போன இடம் பவரி பகுதியில் இருந்த 'ஃபைவ் ஸ்பாட்' என்ற சிறிய விடுதி. அந்த ஆண்டுதான் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, ஹெராயினை விட்டொழித்திருந்த சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அங்கே அவரோடு ஜூலை முதல் டிசம்பர் வரை வாசித்தார். இரவு தோறும் ஆறு மாதம். விடுதி வேலை என்பது பயிற்சிக்கூடம் என்று நான் மேலே எழுதியதன் பொருளை, கோல்ட்ரேன் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் வாசித்தவற்றைக் கேட்டாலே உணரலாம்.

---

இரவுவானொலி எழுதியது:

அந்த ஆறு மாதத்தில் பதிவானது ஏதேனும் கேட்கக் கிடைக்குமா? என் ஆண்டுவாரிப் பட்டியலில் 1957 இன் கீழ் பதிவுக்கூடத்தில் செய்த சில துண்டுகள் மட்டுமே இருக்கின்றன.

---

பழையதட்டு எழுதியது:

கிடைக்கும். 1957 நவம்பர் 29 அன்று, ஃபைவ் ஸ்பாட்டில் வாசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, மங்க் தன் குழுவோடு கார்னகி ஹாலில் ஒரு நன்கொடைக் கச்சேரியில் வாசித்தார். அதை ஒலிநாடாவில் பதிந்தது 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா', வெளிநாடுகளுக்கு அமெரிக்காவின் பெருமையை எடுத்துச் சொல்வதற்காக அரசே நடத்திய வானொலி. நாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்து, 2005 இல்தான் கண்டெடுக்கப்பட்டு அதே ஆண்டு புளூ நோட் வெளியீடாக வந்தது. ஒலித்தரம் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவு. 'மங்க்ஸ் மூட்' என்ற முதல் படைப்பிலிருந்தே தொடங்குங்கள். பியானோவும் சாக்சபோனும் மட்டும் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கும்.